பனியன் அச்சு பாஷை

கேள்வி: திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பிக்மென்ட், பிளாஸ்டிசால், டிஸ்சார்ஜ், ஸ்ட்ரைக்-ஆஃப் என்று பேசுகிறார்கள். தலை சுற்றுகிறது!
- வாசகி, அவிநாசி

பதில்: சுற்றட்டும், அங்கே மெஷினே சுற்றிச் சுற்றித்தான் அச்சடிக்கிறது! முதலில் பிரிண்டை விரலால் தடவிப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

பிக்மென்ட், பைண்டர் என்னும் ஒட்டுப்பொருளின் தயவில் நூலோடு ஒட்டும். வெளிர் துணிக்குப் பொருத்தம். பிளாஸ்டிசால், பிவிசி கலந்த மை. துணிமேல் தோல்போல் நிற்கும், கறுப்பு பனியனிலும் பளிச்சிடும். ஆனால் தானாகக் காயாது. சுமார் 160 டிகிரி சூட்டில் இறுகிக் கெட்டியாக வேண்டும்; அதுதான் க்யூரிங். சூடு குறைந்தால் சலவையில் வெடித்து உதிரும். பிவிசியே வேண்டாம் என்னும் ஐரோப்பிய பையர்களும் (ஆர்டர் தருபவர்கள்) உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது டிஸ்சார்ஜ்தான். மற்றவை நிறத்தின் மேல் நிறம் பூசும். இது முதலில் துணியின் சாயத்தையே பறிக்கும். பறித்த இடத்தில், பேஸ்ட்டில் கலந்த புது நிறம் குடியேறும். அலசியபின் தொட்டால் பிரிண்ட் இருப்பதே தெரியாது. என்ன மாதிரி வித்தை! ஆனால் எல்லாச் சாயமும் இதற்கு மசிந்துவிடாது. டர்க்காய்ஸ் நீலம் பெரிய பிடிவாதக்காரர். ஃபார்மால்டிஹைடு வெளிவருவதால், நல்ல காற்றோட்டம் இல்லாத அறையில் இதை அடிக்கச் சொன்னால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

ஸ்ட்ரைக்-ஆஃப் என்பது, ஆர்டருக்கான அதே துணியில் அடித்து பையரிடம் ஒப்புதல் வாங்கும் மாதிரி. ஆர்டரில் குறித்த பாண்டோன் நிற எண்ணோடு, நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்து ஒத்துப்பாருங்கள். ஓகே வரும்வரை ஆர்டரின் மொத்த பீஸ்களை பிரிண்டிங் டேபிள் பக்கமே விடாதீர்கள்.