வளைவில் முந்தாதே

கடையநல்லூரிலிருந்து கேரளாவுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புளியரை 'எஸ்' வளைவைச் சொல்லித்தர வேண்டாம். நம் பெருங்குடலும் அப்படியொரு மலைப்பாதைதான். நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அடிவாரத்திலேயே ஒரு 'எஸ்', மேலே போனால் இரண்டு கொண்டை ஊசி. வழியில் 'பாலிப்' என்ற சதை முளைகள் பதுங்கியிருக்கும். சில பின்னாளில் புற்றுநோயாகும். இவற்றைப் பிடிக்க விளக்கோடு உள்ளே போன கூத்துதான் இந்த வரலாறு.

1806-இல் பிராங்க்ஃபர்ட் டாக்டர் போட்ஸினி, மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்த குழாயோடு கிளம்பினார். வியன்னா மருத்துவப் பெரியவர்கள், இந்த ஆளுக்கு வேண்டாத ஆர்வம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். 1868-இல் குஸ்மவுல் என்ற டாக்டர் மேல்வாசல் வழியே முயன்றார். வளையாத உலோகக் குழாயை யார் விழுங்குவார்? வாள் விழுங்கும் வித்தைக்காரரைப் பிடித்தார். கீழ்வாசலுக்கு அப்படி ஒரு வித்தைக்காரர் எந்தத் திருவிழாவிலும் அகப்படவில்லை. ஆகவே நேர்க்குழாய் ஒரு சாணுக்குச் சற்று மேலே போய் 'எஸ்' வளைவில் முட்டி நின்றது.

வளைவைத் தாண்ட ஒளியே வளைய வேண்டும். அப்படி வளைத்துக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி அதன் வழியே படத்தையே அனுப்பி, 1954-இல் வெளியிட்டார். சூட்சுமம் ஒன்றுதான்: இரு முனையிலும் இழைகளின் வரிசை மாறக்கூடாது. நம்மூர்த் தறிக்காரரைக் கேட்டிருந்தால் வெற்றிலையை மென்றபடியே சொல்லியிருப்பார், பாவில் இழை மாறினால் கைலியில் கட்டம் கோணும் என்று.

அந்த இழைக்கட்டை வைத்துச் செய்த இழைக்கருவி வந்தும் 'எஸ்' வளைவு வழிவிடவில்லை. 1965-இல் சார்டினியாவில் புரோவென்சாலே, ரெவிக்னாஸ் என்ற இரு டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். நோயாளியை மெல்லிய குழாயொன்றை விழுங்கவைத்து, அது பின்வாசலில் எட்டிப்பார்க்கும்வரை காத்திருந்து, அதன் நுனியில் கருவியைக் கட்டி, மேலிருந்து கிணற்று வாளிபோல் இழுத்துவிட்டார்கள். முழுப் பெருங்குடலும் தெரிந்தது. வாளி சேந்துவது தெரியும். கிணறே நோயாளி என்பதுதான் புதுசு.

1969-இல் நியூயார்க்கில் ஷின்யா, உல்ஃப் என்ற இரு டாக்டர்கள் கருவிக்குள் கம்பிச் சுருக்கை விட்டு, வயிற்றைக் கிழிக்காமலே பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். ஆனாலும் இழைக்கருவியில் ஓர் இழை முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி. டாக்டரும் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 1983-இல் நுனியிலேயே கேமரா வந்தது. அறையிலிருந்த எல்லாருமே டிவியில் பார்க்கலானார்கள், மயக்கத்தில் இருந்த வீட்டுக்காரரைத் தவிர.

இப்போது ரகங்கள் பெருகிவிட்டன. சாதாரணக் கருவி 170 டிகிரிவரை பார்க்கும். பக்கவாட்டிலும் கேமரா வைத்து வந்த ஒன்று 330 டிகிரி பார்த்து, மடிப்புக்குப் பின்னால் ஒளிந்ததையும் காட்டியது. குறுகலான வளைவுக்குக் குழந்தைகளின் ஒல்லிக் கருவியைப் பெரியவர்களுக்கும் விடுகிறார்கள். விழுங்கும் மாத்திரைக் கேமராவோ கையில்லாத காவல்காரர். கள்ளனைப் பார்ப்பார், பிடிக்கமாட்டார்.

எந்த ரகமானாலும் முன்கூட்டியே மருந்துத் தண்ணீரைக் குடித்தாக வேண்டும். அன்றைக்கு வீட்டிலேயே ஐந்தருவி. அதைக் குடிக்காமல், பார்டர் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு வந்து படுத்தவருக்கு, 330 டிகிரி கேமராவும் ஒன்றுதான், போட்ஸினியின் மெழுகுவர்த்தியும் ஒன்றுதான்.