சபுராளி வீட்டுக் கார்

ஆர்.எஸ்.மங்கலத்தில் உறை போர்த்தி நிற்கும் காரைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், அதை வாங்கிய அண்ணன் சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில் இருக்கிறார். துபாயில் கம்பெனி வண்டியை நாளெல்லாம் ஓட்டுவார். ஊரில் சொந்த வண்டியை ஒரு அடி நகர விடமாட்டார்.

வாங்கிய அன்று உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயில் வாசலில் மாலை போட்டு, நாலு சக்கரமும் எலுமிச்சம்பழத்தில் ஏற, தேவிபட்டினம் வரைக்கும் ஒரு ஓட்டம். லீவு முடிந்து மதுரையில் விமானம் ஏறும்போது இரண்டு சாவியும் அண்ணன் கைப்பையில். "வச்சுட்டு வந்தா மச்சினன் எடுத்துருவான்ல?"

வீடியோ காலில் பிள்ளைகள் முகத்துக்கு முன்னால் வண்டி முகத்தைக் காட்டியாக வேண்டும். அண்ணி உறையை விலக்குவார். பானட் பளபளக்கும். அண்ணனுக்கு அன்று நல்ல தூக்கம்.

பானட்டுக்கு அடியில் நடப்பது வேறு. வண்டி நின்றாலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். நம்மூர் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் சும்மா நின்றாலே செல்ஃப் அடிக்கத் தெம்பிருக்காது. காலியாகவே கிடந்தால் உள்ளே தகட்டில் வெள்ளை படிந்துவிடும், அப்புறம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. இழுத்துவிட்ட ஹேண்ட் பிரேக் உப்புக்காற்றில் துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி குடும்பம் நடத்தும். வயரில் மிளகாய்த்தூள் தடவினால் எலி அண்டாது என்று மாமனார் தடவியும் பார்த்தார். 2023-இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. மிளகாய் மூட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எலிக்கு அது தொட்டுக்கொள்ள ஆயிற்று.

பத்து மாதம் கழித்து அண்ணன் வந்தார். மறுநாள் காலை காரைக்குடியில் கல்யாணம். ஊரே பார்க்க உறையை உருவினார், சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"தள்ளுங்கப்பா!" என்று நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் தம்பி தடுத்தான். "ஆட்டோமேட்டிக் வண்டிண்ணே. தொண்டி வரைக்கும் தள்ளுனாலும் ஸ்டார்ட் ஆகாது."

பக்கத்து வீட்டு வண்டியை மூக்கோடு மூக்கு நிறுத்தி ஜம்ப்பர் கேபிள் போட்டான். சிவப்பு, பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரி மைனஸில். மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டான்.

"மைனஸ்லதானப்பா போடணும்? துபாய்ல நான் பாக்காததா?"

"பேட்டரில கேஸ் வரும்ணே. பொறி தட்டுனா தள்ளித்தான் தட்டணும்."

இருமி, கனைத்து வண்டி உயிர் பெற்றது. கியர் போட்டால் பின்சக்கரம் அசைய மறுத்தது. தம்பி கையைத் துடைத்தபடி கேட்டான்: "இடையில யாராச்சும் ஓட்டுனாங்களாண்ணே?"

"ஒரு பய தொடல!" அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதான் சீக்கு. 48 மடை வச்ச நம்ம கண்மாய்க்கே மடையத் தொறந்து மூட ஆளு வேண்டியிருக்கு."

அண்ணன் பஸ்ஸில் காரைக்குடி போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. புதுப் பேட்டரி, பிரேக் ஷூ, கடிபட்ட வயர் என்று பில் வந்தது. அதையெல்லாம் கட்டிய கையோடு அடுத்த பயணத்துக்கு ஒரு ஏற்பாடும் செய்தார்: இன்னும் தடிமனான உறை.

சபுர் கிளம்பும் அண்ணன்மாரே, ஒரு சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பதினைந்து நாளைக்கொரு தரம் திருவாடானை வரை ஓட்டிவிட்டு வரட்டும். அவன் எரிக்கிற பெட்ரோல் இந்தப் பில்லைவிட மலிவு. மனசு வரவில்லையா, பேட்டரியின் மைனஸ் வயரையாவது கழற்றிவிட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.