ஒன்பதாவது பெயர்

டோனாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். கோரைப்பாய் விரித்து, அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, ஆச்சி பைபிளைத் திறப்பாள். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு முழங்கால். பாயின் கோடுகள் முழங்காலில் பதிந்து, எழுந்த பிறகும் வெகுநேரம் அப்படியே கிடக்கும்.

ஆச்சி பெயர் பெயராகச் சொல்லித்தான் ஜெபிப்பாள். எட்டுப் பெயர்கள் தடங்கல் இல்லாமல் வரும். ஒன்பதாவதற்கு முன்னால் மட்டும் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு பெயர் வரும். என் கடைசிச் சித்தப்பா. 1968இல் பம்பாய்க்குப் போனவர். இரண்டு வருஷம் மணியார்டர் வந்தது; அப்புறம் ஒரு கடுதாசிகூட இல்லை. எங்களுக்கோ, அந்த மூச்சு நின்றால் 'ஆமென்' பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, சபைக்கென்று வைத்த மண்கலயத்தில் போடுவாள். மழை பொய்த்த வருஷம் வீட்டில் கஞ்சிக்கே திண்டாட்டம். அப்போதும் அந்தப் பிடி சிறுத்ததே ஒழிய, நின்றதில்லை.

டோனாவூர் அம்மையின் கதையை எங்களுக்கு ஆச்சிதான் சொன்னாள். எமி கார்மைக்கேல் அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். விடிந்து கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். அந்தப் பழுப்புக் கண்தான் பின்னாளில் சேலை கட்டி நம் ஜனங்களோடு கலந்து நடக்க அவருக்கு உதவியது. 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். ஆனால் ஜெபமும் எழுத்தும் நிற்கவில்லை. "இல்லைன்னு சொல்றதும் பதில்தாம்ல" என்பாள் ஆச்சி.

பதினைந்து வயதில் அந்தக் கதையை வைத்தே அவளை மடக்கினேன். "ஒனக்கு உண்டுன்னும் வரல, இல்லைன்னும் வரல. பதினோரு வருஷமா எதுக்கு ஆச்சி கேக்க?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "பெத்தவ நான் கேக்காம இருந்தா வேற எவ கேப்பா?"

அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் நின்ற விதவையின் உவமை லூக்காவில் இருக்கிறது. அவளுக்காவது கடைசியில் தீர்ப்புக் கிடைத்தது. ஆச்சிக்கு அதுவும் இல்லை. 1991இல் கண்ணை மூடினாள். கடைசி ராத்திரி குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவதற்குப் பிறகு உதடு நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் நான் ஜெபிக்கவில்லை. சென்னையில் வேலை, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில். 2014இல் என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியது. மருத்துவமனை வராந்தாவில் நாலு மணி நேரம் சும்மா உட்கார முடியாமல்தான் முதலில் அவள் பெயரைச் சொன்னேன். மற்றப் பெயர்கள் தாமாகவே வந்தன.

இப்போது ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. கூப்பிய கை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறோம். இத்தனை நாளில் பதில் நிச்சயம் என்று டிவியில் வாக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. அந்தக் கணக்கில் என் ஆச்சியின் இருபத்துமூன்று வருஷத்தை எங்கே எழுதுவது?

மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் இன்னும் நடக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன்; முழங்கால் இப்போது மடங்குவதில்லை. ஆச்சியின் பட்டியலில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த இடங்களில் என் பிள்ளைகள், பேத்தி. சித்தப்பா உயிரோடிருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். அவரை ஒன்பதாவதாகவே வைத்திருக்கிறேன்.

"சித்தப்பா பேரு வந்துட்டா?" என்று கண் திறக்காமலே கேட்கிறாள் மனைவி. நான் இன்னும் சொல்லவில்லை. மூச்சு நின்றதை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.