ஒரே நாளில் இரண்டு உணர்ச்சி

கேள்வி: ரக்பி, கோல்ஃப், தடகளம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவுக்கு மறக்க முடியாத ஆண்டு எது?
– ரயில்வே குடியிருப்பு வாசகர், லாலாகுடா

பதில்: 2021. அதிலும் ஆகஸ்ட் 7. அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து, தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். ஊரே ஈட்டியைக் கொண்டாட, எனக்குக் கண்ணில் நின்றது கோல்ஃப் பந்து. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்து வந்த அதிதி அசோக், அன்று காலைதான் ஒரே ஒரு ஷாட்டில் பதக்க வாய்ப்பை இழந்து நான்காவதானார். நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது!

ரக்பியில் நம் அணி டோக்கியோவுக்குப் போகவில்லை. ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தை 11-6 என வீழ்த்தி ஸ்காட்லாந்து வென்ற கல்கத்தா கோப்பை, நம் கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. மூடியில் யானை, கைப்பிடிகளில் நாகம்!