அப்புத்தளை எவ்வளவு உயரம்?

கேள்வி: 2 இன் அடுக்குக்குறிச் சார்பைத் தந்து, நேர்மாறைக் கண்டு வரைபும் வரையச் சொல்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இது எங்கே உதவும்?
– உயர்தர மாணவி, பசறை

பதில்: உங்கள் ஊவா மலைகளை அளக்க உதவும், தங்கச்சி! மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது. சுமார் ஐந்தரை கிலோமீற்றர் ஏறினால் பாதியாகிவிடும். உயரத்தைக் கொடுத்தால் அமுக்கத்தைச் சொல்வது அடுக்குக்குறிச் சார்பு. ஆனால் மலையேறியவர் கையில் இருப்பதோ அமுக்கமானி. அவருக்கு வேண்டியது உயரம்! ஆகவே கேள்வியைத் தலைகீழாகப் போடுகிறோம். அந்த நேர்மாறுக்குத்தான் மடக்கை என்று பெயர். அப்புத்தளையில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் சுமார் 84 வீதம். மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 1,400 மீற்றர் வருகிறது. ரயிலில் ஏறாமலே ஊரின் உயரம் கிடைத்துவிட்டது பாருங்கள்!

வரைபு இன்னும் சுலபம். உங்கள் சார்பில் (0, 1), (1, 2), (2, 4), (3, 8) புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண்களை இடம் மாற்றுங்கள்: (1, 0), (2, 1), (4, 2), (8, 3). இவற்றை இணைத்தால் மடக்கை வரைபு. முதலாவது வளையி கிடை அச்சைத் தொடாமலே நெருங்கும். இரண்டாவது நிலைக்குத்து அச்சை அப்படியே நெருங்கும். பூச்சியத்துக்கும் மறை எண்களுக்கும் மடக்கை இல்லை என்பதை வரைபே காட்டிவிடுகிறது.

பலர் புள்ளியை இழப்பது அளவிடையில்தான். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவிடை எடுங்கள். அப்போதுதான் 45 பாகைக் கோட்டில் ஒன்று மற்றதன் விம்பமாக விழும்.