எம்-1, எம்-2, மாமனார்

லேண்ட்லைன் போனில் இருக்கும் மெமரி பட்டன்களை நிஜமாகவே உபயோகித்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேர் புத்திசாலிகள். போன் பக்கத்தில் ஒரு டைரியையும் கயிறு கட்டிய பேனாவையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். டயலைச் சுழற்றும் கறுப்பு போனில் பழகிய விரல் இது. அதில் 1 சுழற்றினால் லைன் ஒரு தடவை வெட்டிச் சேரும். 0 என்றால் பத்துத் தடவை. கும்பகோணத்துக்கு 0435 போட்டு, மாமனார் வீட்டு நம்பரையும் போட்டு முடிப்பதற்குள் என்ன விஷயமாகக் கூப்பிட்டோம் என்பதே மறந்துவிடும். சில நாள் விஷயமே இருந்திருக்காது.

பிறகு ஸ்பீக்கர் வைத்த பட்டன் போன் வந்தது. எம்-1, எம்-2, எம்-3 என்று மூன்று பெரிய பட்டன்கள். ஒரே அமுக்கு, நம்பர் தானாகப் போகும். ஏற்றுகிற முறையும் சுலபம்: ரிசீவரை எடு, ஸ்டோர், நம்பர், மறுபடி ஸ்டோர், எம்-1. மேனுவலில் தெளிவாகப் போட்டிருந்தது. மேனுவலைப் படிக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் இந்தப் பத்தியை எழுதப்போகிறேன்?

முதல் ஸ்டோரை விட்டுவிட்டு நேரே நம்பரை அமுக்கினால் போன் தன் தொழிலைச் செய்யும். ராத்திரி நேரம். என் சொந்த அத்தை எடுத்து, "யாரு? என்னாச்சு?" என்று பதறினார். "ஒண்ணுமில்ல அத்தை, உங்களை மெமரில ஏத்திட்டிருக்கேன்" என்றேன். "என்னை எதுலடா ஏத்துற?" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மூன்று பட்டன்களிலும் படம் வேறு: தீ, போலீஸ் தொப்பி, ஆஸ்பத்திரி சிலுவை. 101-ம் 100-ம் மூன்றே இலக்கம், அதைப் போய் மெமரியில் ஏற்றுவானேன் என்று நினைத்தேன். தீயில் கேஸ் ஏஜென்சி. சிலுவையில் ஆபீஸ், லீவு சொல்ல. அத்தை தானே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டதால், போலீஸ் தொப்பியில் மாமனார். மனைவி பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க" என்றாள். பாராட்டு என்றே அன்று எடுத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி போனைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது. ஒருநாள் காலையில் துடைத்தேன். துணி தொப்பி மேல் அழுந்தியது. ஸ்பீக்கர் திறந்துகொண்டு விறுவிறுவென்று கும்பகோணம் போய்விட்டது. கட் பண்ணும் பட்டன் எது என்று தேடுவதற்குள், "சொல்லுங்க மாப்ளே" என்று கூடம் முழுக்க அவர் குரல். துடைக்கும்போது தவறி வந்துவிட்டீர்கள் என்று மாமனாரிடம் எந்த வாயால் சொல்வது? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன். முட்டி வலியில் ஆரம்பித்து, டாக்டர் ஃபீஸ் வழியாக, காவிரியில் தண்ணீர் வராததில் வந்து நின்றார். எஸ்.டி.டி., அதுவும் பகல் சார்ஜ். வைத்த கையோடு மாமியாரிடம், "மாப்ளைக்கு என் மேல தனிப் பிரியம்" என்றாராம். அன்றிலிருந்து தூசி படிந்தால் படியட்டும் என்று போனை விட்டுவிட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன கோபமோ என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

பேட்டரி கதை தனி. அப்போதெல்லாம் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும்; எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனிலேயே 48 வோல்ட் வந்தது. அப்படியிருக்க அடியில் பென்சில் பேட்டரி எதற்கு என்று அறிவியல்பூர்வமாக யோசித்து, கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டேன். எங்கள் போனில் மெமரி குடியிருந்ததே அந்த பேட்டரியில்தான். மாமனார், ஆபீஸ் எல்லாம் காலி. கேஸ் ஏஜென்சி மட்டும் தப்பித்தது, சிலிண்டர் புக்கில் அச்சடித்திருந்ததால்.

திரும்ப எல்லாம் ஏற்றி மூச்சு விடுவதற்குள், 2002-03 வாக்கில் லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். நானும் சேர்த்தேன். 0435-க்கு முன்னால் கொண்டுபோய் 2 போட்டவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது எல்லோரும் செல்லுக்குப் போய்விட்டார்கள். லேண்ட்லைன் இன்டர்நெட் புண்ணியத்தில் ஓடுகிறது. எம்-1-இல் இருப்பது என் செல் நம்பர்தான். வீட்டுக்குள் அதை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவதற்கு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும் என்று ஆனது. இந்தத் தடவை மேனுவலைத் தேடி எடுத்து, ஸ்டோரை முதலில் அமுக்கி, 0-வைச் சரியான இடத்தில் போட்டு, துளி பிசகில்லாமல் ஏற்றினேன். ரிங் போகிறது, அருமையாகப் போகிறது. செல்தான் சைலண்ட்டில் இருக்கிறது.