ஸ்பேனர் அண்ணன்

போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாப் பக்கத் தோட்டங்களில் பால்மரம் இருந்த காலத்தில் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் இடம் மாற வழியே இல்லை. வெந்நீர் விறகடுப்பு அண்டாவில். பச்சைத்தண்ணீர் லயத்துப் பொதுப் பைப்பில். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வீடு வந்தது. வீட்டுக்குள் ஹீட்டரும், ஒரே கைப்பிடியில் இரண்டு நீரையும் கலந்து தரும் பைப்பும் வந்தன. பின்னாலேயே ஸ்பேனர் அண்ணனும் வந்துவிட்டார்.

போர்ட்டிக்சன் வட்டாரத்தில் எந்தத் தாமானிலும் இவர் ஒருவர் உண்டு. தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தேன் என்பார். ஃபிட்டருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார் என்பார் அண்ணி.

"அண்ணே, செவப்புப் பக்கம் திருப்புனா சில்லுன்னு வருது, நீலப் பக்கம் சுடுது" என்று சொல்லி வாய் மூடுமுன் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். பைப்பைப் பார்க்கமாட்டார். "யாரு செஞ்ச வேலை இது?" என்று முதலில் குற்றவாளியைத் தேடுவார்.

"நீங்கதாண்ணே, போன தீபாவளிக்கு."

"அப்ப பைப்பு சரிதான். தண்ணிதான் மாறி வருது."

அடுத்து வைத்தியம். "ரெண்டு வாரம் போனா கை பழகிடும் லா" என்பது முதல் மருந்து. வீட்டம்மா முறைத்தால் இரண்டாவது மருந்து: "தங்கச்சி, செவப்பு நெயில் பாலிஷ் இருக்கா?" நீலப் பொட்டின் மேல் சிவப்பைப் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவுவார், சுட்டுக்கொண்டு அலறுவார்.

உண்மையான வேலை அவருக்குத் தெரியாமல் இல்லை. மெயின் வால்வை மூட வேண்டும். மூடியை நெம்பி, திருகைக் கழற்றிக் கைப்பிடியை எடுக்க வேண்டும். சில மாடல்களில் உள்ளே இருக்கும் கார்ட்ரிஜை அரைவட்டம் திருப்பிப் பொருத்தினாலே போதும். இல்லாவிட்டால் சிங்கின் அடியில் வரும் இரண்டு ஹோஸையும் மாற்றி முடுக்க வேண்டும். இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் குளிர் என்ற பொது வழக்கத்துக்குப் பைப்பு திரும்பிவிடும்.

ஆனால் அது பத்து நிமிட வேலை. பத்து நிமிட வேலைக்கு வெறும் தேத்தண்ணீர்தான் கிடைக்கும். மத்தியானம் வரை இழுத்தால் கோழிப் பிரட்டலோடு சோறு. அண்ணன் காசு வாங்குவதில்லை. ஆலையில் எப்படி இயந்திரத்தையே நிறுத்தினேன் என்ற கதையைக் கேட்க நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டு மணம் வந்த பிறகே கார்ட்ரிஜ் திரும்பும்.

இரவு பதினோரு மணிக்குப் பைப்பு உடைந்தாலும் ஓடி வருகிற ஒரே ஆள் அவர்தான். ஆகவே பைப்புக்கு அண்ணனைத் தாராளமாகக் கூப்பிடுங்கள், சோறும் போடுங்கள். ஹீட்டரின் வயரைத் தொட வந்தால் மட்டும் இன்னொரு கரண்டி பிரட்டல் வைத்து உட்கார வைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்குப் போன் போடுங்கள்.